மண்டபத்து அண்ணாச்சிமாருக்கு: பத்தடிக்கு எட்டடி இடம் போதும்

திருநெல்வேலிச் சீமையில் கல்யாண மண்டபமும் மஹாலும் லானும் நடத்துகிற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், அவர்கள் சார்பில் சாவிக்கொத்தோடு அலைகிற மேனேஜர்களுக்கும்,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் வாசிக்கிற தந்திக் குழு ஒன்றை 2015-லிருந்து நடத்தி வருகிறேன். கல்யாணம், வரவேற்பு, மறுவீடு, கடைத் திறப்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிக்கிறோம். உங்களில் பலர் எங்களைப் பார்த்திருப்பீர்கள். கேட்டிருப்பீர்களா என்பதுதான் சந்தேகம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டமாகப் போய்விட்டாலும் முகூர்த்தத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆவணி மாதத்தில் காலையில் அம்பாசமுத்திரம், சாயங்காலம் கோவில்பட்டி என்று ஒரே நாளில் ஓடியிருக்கிறோம். அதனால் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை நான் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. நண்பன் ஒருவனுடைய கல்யாணம், கிறிஸ்தவ ஆலயத்தில். மணப்பெண் வாசலில் வந்து நின்ற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. கீபோர்டு ஊமையாகிவிட்டது. பாடகர் குழுவில் நானும் இன்னொரு பையனும் வயலின் வைத்திருந்தோம். ஆலயப் பணியாளரான கோவில்பிள்ளை எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், நாங்கள் பாமாலை என்கிற ஆலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டோம். பெண் பலிபீடத்துக்கு வந்து சேர்கிறவரை அதையே திருப்பித் திருப்பி வாசித்தோம். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்கு மாமா முறையுள்ள ஒருவர், "அடுத்த மாசம் நம்ம வீட்லயும் கல்யாணம் இருக்கு. எவ்வளவு வாங்குவீங்க தம்பி?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாயிரம் என்றோம். அவர் பேரம்கூடப் பேசவில்லை. குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று அப்போதே புரிந்தது.

இரண்டு பேர் நாலு பேராக இரண்டு வருஷம் ஆனது. வயலின் வாசிக்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அரசு இசைப்பள்ளியில் கர்நாடக வழியில் படித்தவர்கள் உண்டு, ஆலயப் பாடகர் குழுக்களில் நோட்டு பார்த்து வாசிக்கிறவர்கள் உண்டு, டிரினிட்டி காலேஜ் கிரேடு பரீட்சை எழுதிய பிள்ளைகள் உண்டு. வயோலாவுக்குத்தான் ஆளில்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, கொஞ்சம் கம்மிய குரல், நோட்டு எழுதுகிற முறையே வேறு. வயலின் வாசித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவைக் கெஞ்சி வயோலாவுக்கு மாற்றினேன். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

செல்லோ இன்னும் பெரிய கதை. ஆலயத்தில் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்த இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவனைப் பிடித்தோம். சென்னையில் ஒரு பழைய செல்லோ விலைக்கு வந்தது. அதைப் பஸ்ஸில்தான் கொண்டுவந்தான். ஆள் உயரத்துக்குக் கறுப்பு உறை போட்ட அந்தப் பெட்டியைச் சீட்டில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "எடே, உள்ள ஆள் கீள் இருக்கா?" என்று தட்டிப் பார்த்தாராம். அப்புறம் ஒரு முழு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டார். இன்றுவரை எங்கள் கணக்கு நோட்டில் போக்குவரத்துச் செலவு ஐந்து பேருக்குத்தான்.

வருமானத்தையும் ஐந்து பங்காகத்தான் போடுகிறோம். ஆளுக்கு ஒன்று, ஐந்தாவது பங்கு பெட்டிக்கு. கம்பி, வில்லில் தேய்க்கிற ரோசின் பிசின், வில்லுக்கு முடி மாற்றுவது, மழைக்கு உறை எல்லாம் அந்தப் பங்கிலிருந்து போகும். செல்லோவுக்கு ஒரு செட் கம்பி நல்லதாக வாங்கினால் பத்தாயிரத்தைத் தாண்டும். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி, தேயத் தேய மாற்ற வேண்டும். அதற்கு நாங்கள் சென்னைக்குத்தான் அனுப்புகிறோம்.

ஒரு விஷயத்தில் இந்தச் சீமை எங்களுக்குத் தோதான இடம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் கிறிஸ்தவக் கல்யாணம் கிடையாது. ஆடியில் சும்மா இருந்தால் மார்கழியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் வரும், லெந்து நாட்களில் பங்குனி முகூர்த்தங்கள் கொஞ்சம் கைகொடுக்கும். பாமாலை ராகங்கள் நாலு குரலுக்கு எழுதப்பட்டவை என்பதால் பிரிக்காமல் அப்படியே எங்கள் நாலு வாத்தியத்துக்கும் பொருந்திவிடும். சினிமாப் பாட்டு அப்படியில்லை. நாலு நிமிஷப் பாட்டை நாலு பேருக்குப் பிரித்து எழுத எனக்கு ஒரு முழு ராத்திரி பிடிக்கும். அதிலும் இளையராஜா பாட்டு என்றால், இடையில் வருகிற வயலின் துணுக்கைக் கேட்டே வளர்ந்த கூட்டம் இது. ஒரு ஸ்வரம் மாறினாலும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சித்தப்பா திரும்பிப் பார்ப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மண்டபங்களில் எங்களை உட்கார வைக்கிற இடம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஜெனரேட்டர் அறையை ஒட்டிய பக்கவாசல். வரவேற்பு மேடைக்குக் கீழே, ஆள் உயர ஸ்பீக்கருக்கு முன்னால். அதுவும் இல்லையென்றால் நுழைவாயிலில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில், தண்ணீர் தெளிக்கிற மின்விசிறிக்கு நேரே.

மூன்றாவது இடத்தில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு வைகாசி மாதம், பைபாஸ் பக்கம் ஒரு மண்டபம். பெயர் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் அடித்தது. அந்த விசிறியைப் போட்டதும் எங்களுக்கே சுகமாகத்தான் இருந்தது. பத்து நிமிஷத்தில் என் வில் வழுக்க ஆரம்பித்தது. வில் முடியில் தேய்த்திருக்கிற ரோசின்தான் கம்பியைப் பற்றி இழுக்கிறது. முடி ஈரமானால் அந்தப் பிடிப்பு போய்விடும். கையை இழுக்கிறேன், காற்றுதான் வருகிறது. மேனேஜரிடம் விசிறியை நகர்த்தச் சொன்னேன். "விருந்தாளிக்கு வேர்க்கும் சார்" என்றார். நியாயம்தான். நாங்கள் நகர்கிறோம் என்றேன். "டெக்கரேஷன் போட்டாச்சு, போட்டோவுக்கு நீங்க இங்கதான் இருக்கணும்" என்றார்.

ஏழரை மணி வாக்கில் செல்லோவிலிருந்து "டர்ர்" என்று ஒரு சத்தம், தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு விரல் முட்டியால் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே வந்தான். டொக், டொக், டொக் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் சொத்தென்றது. அடிப்பக்கத்தில் பலகை விட்டிருந்தது, கல்யாணப் பத்திரிகை நுழைகிற அளவுக்கு. இந்த வாத்தியங்களை ஒட்டுவது தோல் பசையால். வேண்டுமென்றே அதிகம் பலமில்லாத பசை. மரம் வீங்கும்போதோ சுருங்கும்போதோ பலகை வெடிப்பதற்குப் பதில் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்பது பழைய ஆசாரிகளின் கணக்கு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பசை இளகும். நாங்கள் மிச்ச நேரத்தை மூன்று பேராக வாசித்து முடித்தோம். செல்லோ சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு முகூர்த்தம் போய்விட்டது. அந்த வீட்டாருக்கு இது எதுவும் தெரியாது. போட்டோவில் நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

யார் மேலும் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மேனேஜருக்கு இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அது என் தப்பு. அதனால் இப்போது சொல்கிறேன்.

எங்கள் சத்தம் சின்னது. நாகஸ்வரமும் தவிலும் நாலு ரத வீதிக்கும் கேட்கிற மாதிரி உருவானவை. எங்கள் வாத்தியங்கள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து கேட்பதற்காக உருவானவை. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமையில் வாத்தியச் சத்தத்தைப் பற்றி நான் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேளக்காரர்கள் வாசிக்கும்போது நாங்கள் வில்லை மடியில் வைத்துவிடுவோம், இது எங்கள் குழுவில் முதல் நாளிலிருந்து சட்டம். அது மரியாதை மட்டுமில்லை. நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும், நாங்கள் வேறு சுருதியில் கட்டியிருப்போம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் கல்யாண வீட்டில் பல் கூசும். ஆனால் சில மண்டபங்களில் மேளக்காரர்களையும் எங்களையும் நுழைவாயிலின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உட்கார வைத்து, இருவரையும் "வாசிங்க, வாசிங்க" என்கிறார்கள். ஒருமுறை நடுவில் செண்டை மேளமும் வந்து சேர்ந்தது. அந்த அரை மணி நேரம் நாங்கள் வில்லைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது முதலில் ஓர் இடம். பத்தடிக்கு எட்டடி. முடிந்தால் பின்னால் வெறும் சுவர். ஃபிளெக்ஸ் தட்டியோ துணித் திரையோ வேண்டாம், துணி எங்கள் சத்தத்தைக் குடித்துவிடும், சுவர் அதைத் திருப்பிக் கூட்டத்துக்கு அனுப்பும். மேலேயிருந்து ஏசி நேராக அடிக்கக் கூடாது. ஏசியில் மரம் காய்ந்து, கம்பியை முறுக்குகிற பிருடை நழுவும், சுருதி இறங்கும். குற்றாலச் சீசன் சாரலில் அதே பிருடை ஊறிப்போய் முறுக்கினாலும் திரும்பாது. இந்த இரண்டு கொடுமையும் தென்காசிப் பக்கம் ஒரே நாளில் நடக்கும், வெளியே சாரல், உள்ளே ஏசி.

அடுத்தது நாற்காலி. கை வைக்காத நாற்காலி நாலு. இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். உங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கெல்லாம் கை இருக்கிறது, வில் இழுக்கும்போது முழங்கை அதில் இடிக்கிறது. செல்லோக்காரனுக்கு அதில் உட்காரவே முடியாது. சாப்பாட்டுக் கூடத்தில் கிடக்கிற மடக்கு நாற்காலி போதும், மெத்தை, சாட்டின் துணி, பின்னால் குஞ்சம் எதுவும் வேண்டாம். செல்லோவின் அடியில் ஓர் ஊசிக்கால் உண்டு, அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிப்பது. உங்கள் பளபள டைல்ஸில் அது வழுக்கிக்கொண்டே மணமேடை வரை போகும். கம்பளத்தில் ஊன்றினால் ஓட்டை விழும், மேனேஜர் கத்துவார், ஒருமுறை கத்தினார். அதனால் நாங்களே ஒரு துண்டுத் தாம்புக்கயிறு கொண்டுவருகிறோம். ஒரு முனையை நாற்காலிக் காலில் கட்டி மறுமுனையில் ஊசியை மாட்டிவிட்டால் நகராது. அதைப் பார்த்து யாராவது "என்னவே, மாடு கட்டப் போறீங்களா?" என்று கேட்காத கல்யாணம் இல்லை.

லான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆனி மாதக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நோட்டுத் தாளுக்கு ஆளுக்கு ஆறு துணிக் கிளிப் வைத்திருக்கிறோம். அதையும் மீறி ஒருநாள் இரண்டாவது வயலினின் இரண்டாம் பக்கம் பறந்து பாயசப் பந்தியில் இறங்கியது. மூன்று பக்கமும் திறந்த பந்தலில் எங்களை ஓரத்தில் போடாமல், காற்றுக்கு மறைவாக ஒரு மூலையைக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. திறந்தவெளியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. கடைசிப் பந்தி நடக்கும்போது டிஜேவை நிறுத்தியாக வேண்டிய நேரத்தில் நாங்கள் மைக் இல்லாமல் வாசிப்போம்.

மைக் என்றதும் நினைவு வருகிறது. சவுண்டு சர்வீஸ் தம்பிகள் நல்லவர்கள், ஆனால் எங்களைப் பார்த்ததும் எக்கோவைத் திருகிவிடுகிறார்கள். வயலின் என்றால் சினிமாவில் கேட்ட மாதிரி மிதக்க வேண்டும் என்று நினைப்பு. கிரானைட் தரையும் உயர்ந்த கூரையும் உள்ள மண்டபத்தில் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு எதிரொலி இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஸ்டாண்டில் இரண்டு மைக் வைத்து, எதையும் திருகாமல் விட்டாலே போதும்.

இன்னொரு கோரிக்கை, நேரம். இரண்டு மணி நேரத்துக்கு எங்களை அமர்த்துகிறார்கள், அதில் டிஜே நிற்கிற நேரம் பத்து நிமிஷம்கூட இருக்காது. மாப்பிள்ளை பெண் மேடைக்கு வருவதற்கு முந்திய முக்கால் மணி நேரத்தை எங்களுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்டிருக்கிற நேரம் அது. அப்போது ஸ்பீக்கர் கத்தினால் அவர்களாலும் பேச முடியாது. அந்த முக்கால் மணி நேரம் முடிந்ததும் நாங்கள் பெட்டியைக் கட்டிவிடுகிறோம், பிறகு யார் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

யார் இதையெல்லாம் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு மேனேஜர் என்னிடம் கேட்டார். போன வருஷம் டவுனில் ஒரு வீட்டில் மறுவீட்டுச் சொதிச் (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாட்டுக்கு வாசித்தோம். மைக் இல்லை, மேடை இல்லை, வீட்டுக் கூடமான பட்டாசாலையில் பாய் விரித்து ஒரு அறுபது பேர். சமையல்காரரான தவசிப்பிள்ளை சொதிக்கு இஞ்சித் துவையல் அரைபடுகிறதா என்று பார்த்துவிட்டு, வேஷ்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுப் பாட்டி செல்லோவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மெதுவாகக் கையை நீட்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஏ, உறுமுது பாரு" என்று பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். தம்பி வாசிப்பதை நிறுத்தவில்லை. பாட்டியும் கையை எடுக்கவில்லை. அதே ஜனங்கள்தான் முந்தைய நாள் மண்டபத்தில் எங்களைக் கடந்து போனவர்கள்.

"வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம், நம்ம கல்யாணத்துக்கு எதுக்கு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அதை இந்தச் சீமைக்காரர்கள் கேட்கக் கூடாது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் சென்னையில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். அவர் ஆஸ்தான வித்வானாக இருந்தது எட்டயபுரத்தில். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் அங்கேதான். வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் வரிகள் போட்ட நோட்டுஸ்வரங்களை நாங்கள் கல்யாணங்களில் வாசிக்கிறோம். ஆலயக் கல்யாணமா, கோயில் கல்யாணமா என்று பார்க்காமல் இரண்டிலும் எடுபடுகிற சரக்கு அது ஒன்றுதான். ஆலயக் கல்யாணத்தில் பாக்கெல்பெல் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கேனன் கேட்காதவர்கள் குறைவு. அதில் செல்லோவுக்கு எட்டே ஸ்வரம், அதையே 28 தடவை வாசிக்க வேண்டும். கேனன் கேட்கிற கல்யாணத்துக்குத் தனக்குத் தனி ரேட் வேண்டும் என்று எங்கள் தம்பி நோட்டீஸ் கொடுத்திருக்கிறான்.

இனி லைசென்ஸ் விவகாரம். இரண்டு மண்டபங்களில் "பாட்டு வாசிக்க லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க, இல்லேன்னா எங்களுக்குப் பிரச்சினை" என்று எங்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். அவர்கள் பயம் புரிகிறது, எங்கிருந்தோ ஒரு கடிதம் வந்திருக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1) பிரிவின் 'இசட் ஏ' உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். மதச் சடங்கின்போது பாட்டு வாசிப்பது உரிமை மீறல் ஆகாது என்றும், கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அந்தச் சடங்குக்குள்ளேயே அடங்கும் என்றும் அதில் விளக்கம் இருக்கிறது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2023 ஜூலையில் இதையே ஓர் அறிவிப்பாகவும் வெளியிட்டது. கம்பெனி ஆண்டு விழா, டிக்கெட் போட்ட கச்சேரி என்றால் கதை வேறு. அதற்கு எங்களையோ விழாக்காரர்களையோ கேளுங்கள், தப்பில்லை. கல்யாணத்துக்குக் கேட்காதீர்கள்.

கடைசியாக, சொல்லத் தயங்குகிற விஷயம். கமிஷன். பூக்காரர், பந்தல்காரர், போட்டோக்காரர் எல்லோரிடமும் இருக்கிற வழக்கம்தான், எங்களிடமும் கேட்கிறீர்கள். வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நீங்கள் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தால் அதற்கு ஒரு கூலி உண்டு. ஒருமுறை என்ன நடந்தது என்றால், ஒரு மண்டபம் மூலமாக வந்த வரவேற்புக்கு எங்கள் கைக்கு வந்தது பதினாறாயிரம். முடிந்து பெட்டி கட்டும்போது பெண்ணின் அப்பா வந்தார். "முப்பதாயிரம் வாங்கிட்டு ஒன்றரை மணி நேரம்தானா தம்பி வாசிப்பீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகக் கேட்டார். நான் என்ன சொல்ல? அந்த மண்டபத்தோடு எனக்கு அடுத்த முகூர்த்தமும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த ராத்திரி எங்கள் நாலு பேருக்கும் சண்டை. சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர். இன்னும் தீரவில்லை.

ஆகவே கமிஷனை பில்லில் தனி வரியாகப் போடுங்கள். எங்களுக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு இவ்வளவு என்று வீட்டாருக்குத் தெரியட்டும். அப்படிப் போட்டால் பத்து சதவீதம் கொடுக்க நாங்கள் நாலு பேரும் சம்மதம், இதில் மட்டும் சண்டை இல்லை. அட்வான்ஸ் பாதி, மீதி வாசிப்பதற்கு முன். கல்யாண வீட்டில் வாசித்து முடித்த பிறகு பணம் வைத்திருக்கிறவரைத் தேடிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

சாப்பாட்டில் குறையே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எந்த மண்டபத்திலும் எங்களைப் பசியோடு அனுப்பியதில்லை. ஒரே ஒரு வேண்டுதல், வாசிக்கும்போது அல்வா தட்டைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள். நம் ஊர் அல்வாவில் நெய் எவ்வளவு என்று தெரியுமே. ஒரு விரலில் பட்டால் கம்பியில் ஏறும், கம்பியிலிருந்து வில்லுக்குப் போகும், அப்புறம் அந்த வில் அன்றைக்குச் சத்தம் தராது. அல்வா கையோடு ஒரு குழந்தை என் வில் முடியை ஆசையாகப் பிடித்து உருவியது. அழகாகத்தான் சிரித்தது. அந்த வில்லுக்கு அந்த வாரமே முடி மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு பொட்டலம் கட்டி ஓரமாக வைத்துவிடுங்கள், போகும்போது பஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்கிறோம்.

இப்போது ஆடி வருகிறது. உங்களுக்கும் எங்களுக்கும் வேலை இல்லாத மாதம். மண்டபம் பூட்டித்தான் கிடக்கும், வெள்ளை அடிப்பீர்கள், ஏசி சர்வீஸ் பார்ப்பீர்கள். ஒரு சாயங்காலம் எங்களைக் கூப்பிடுங்கள். நாலு பேரும் காசு வாங்காமல் வந்து அரை மணி நேரம் வாசிக்கிறோம். மேனேஜரும் நீங்களும் வாசலில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மணமேடையில் ஒருமுறை நின்று கேளுங்கள். எந்த மூலையிலிருந்து வாசித்தால் எங்கே கேட்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தைச் சுற்றித் தரையில் கோடு போட்டு வைத்துவிட்டால் அப்புறம் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். சாக்பீஸ் நாங்கள் கொண்டுவருகிறோம். கயிறும் கொண்டுவருகிறோம். கை இல்லாத நாற்காலி மட்டும் நாலு எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது வயலின்,
பாளையங்கோட்டை